பழைய எம்எக்ஸ்-5ஐ எம்ஓரிக்குக் கொண்டுபோக முன்

நான் இருப்பது தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில். 2016 ஓகஸ்டில் ஆயிரத்து நானூறு பவுண்ட்ஸ் எண்ணிக் கொடுத்து, 2002ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினேன். அதன்பிறகு மிச்சம் என்பது என் முகவரியில் மட்டும்தான் இருக்கிறது.

கடும்பச்சை நிறம், 1.8 லீற்றர் எஞ்சின், மடித்துப் பின்னால் தள்ளுகிற துணிக்கூரை, இரண்டே இரண்டு சீற். வீட்டில் நாங்கள் நாலு பேர். "மற்ற ரெண்டு பேரையும் டிக்கிக்குள்ளயோ வைக்கப்போறியள்?" என்று மனைவி கேட்டார். அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இதுவரை ஒன்பது முறை இந்தக் காரை எம்ஓரிக்கு, அதாவது கார் தெருவில் ஓடத் தகுதியா என்று இங்கே வருடாவருடம் பார்க்கும் கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மூன்று முறை விழுந்தது, அதாவது சித்தியடையவில்லை. ஒருமுறை கான்ட்பிரேக், ஒருமுறை கறள், ஒருமுறை புகை. மூன்றையுமே முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டை முதல் நாள் மாலையில், ஒன்றைக் கார் வாங்குவதற்கு முன்பே. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். இதே கார் வைத்திருப்பவர்களுக்கும், வெயில் எட்டிப் பார்த்ததும் "கூரை திறக்கிற கார் ஒண்டு வாங்குவமோ" என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

எம்எக்ஸ்-5 என்று பொதுவாகச் சொன்னாலும் 1989இல் வந்த முதல் தலைமுறை வேறு, 1998 முதல் 2005 வரை விற்ற இரண்டாம் தலைமுறை வேறு. முன்னதில் லைற்றுகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். பின்னதில் அவை உடம்போடு ஒட்டியிருக்கும். என்னுடையது இரண்டாவது வகை, 2001இல் முகம் மாற்றிய பிறகு வந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும். கறள் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு, அங்கே வரும்போது சொல்கிறேன்.

பழைய காகிதங்களை முதலில் வாசியுங்கள்

எம்ஓரி 1960இல் தொடங்கியபோது பத்து வயது தாண்டிய வண்டிகளை மட்டும்தான் பார்த்தார்கள். 1967இலிருந்து மூன்று வயதானதுமே வருடாவருடம் போகவேண்டும். 2018 மே 20 முதல் குறைகளை நான்காகப் பிரித்து எழுதுகிறார்கள். ஆபத்தானது, பெரிய குறை, சிறு குறை, அட்வைசரி. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் கார் விழும். சிறு குறையோடும் அட்வைசரியோடும் சித்தியடையலாம்.

சித்தியடைந்ததும் எல்லோரும் காகிதத்தை மடித்து லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் வாசிக்கவேண்டியது அந்த அட்வைசரிப் பகுதியைத்தான். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கார் எதற்கு விழப்போகிறது என்று பரிசோதகர் அங்கே எழுதி வைத்திருப்பார்.

அரசாங்கத்தின் இணையதளத்தில் கார் இலக்கத்தை மட்டும் போட்டால் 2005க்குப் பிந்திய எம்ஓரி முடிவுகள் அத்தனையும் இலவசமாக வரும். எத்தனை மைல் ஓடியிருந்தது, எதற்கு விழுந்தது, என்ன அட்வைசரி, எல்லாம் இருக்கும். வாசிக்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஓஃப்சைட் என்றால் சாரதி இருக்கும் பக்கம், நியர்சைட் என்றால் நடைபாதைப் பக்கம். நான் முதல் வருடம் இதை மாறி விளங்கிக்கொண்டு நல்ல பக்கத்தை ஒரு மணித்தியாலம் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

என் காரின் வரலாற்றை வாங்கின பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். 2014இல், ஓஃப்சைட் பின் சில் பகுதியில் (சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டி) கறள், ஆனால் பலம் குறையவில்லை என்று அட்வைசரி. 2015இலும் அதே வசனம், கூடவே நியர்சைட்டும் சேர்ந்திருந்தது. 2016 யூலையில் ஒன்றுமே இல்லை. சுத்தமான காகிதம். விற்றவர் அந்தக் காகிதத்தைத்தான் எனக்குக் காட்டினார்.

கறள் தானாகச் சுகமாகாது. இரண்டு வருடம் எழுதப்பட்ட கறள் மூன்றாம் வருடம் காணாமல் போனால் ஒன்றில் யாரோ அதை வெட்டி வெல்டிங்கில் புதுத் தகரம் ஒட்டியிருக்க வேண்டும், அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும். இல்லையென்றால் கறுப்புத் தார் மாதிரியான அன்டர்சீலை மேலே அடித்து மூடியிருக்க வேண்டும். என் காரின் அடிப்பக்கம் வாங்கும்போது பளபளவென்று கறுப்பாக இருந்தது. "எவ்வளவு வடிவாப் பாவிச்சிருக்கினம்" என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கறள்: இந்தக் காரின் உண்மையான நோய்

இந்தக் கார்களின் எஞ்சின் இலேசில் சாகாது. கியர்பெட்டியும் அப்படித்தான். அடித்தகரம்தான் சாகும். குளிர்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடும் நாட்டில் எந்தக் காருக்கும் கறள் வரும். ஆனால் எம்எக்ஸ்-5க்கு அது வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, கூரையிலிருந்தும் வருகிறது.

கூரைத் துணியில் விழும் மழைத்தண்ணீர் பின்பக்கமாக வழிந்து, சீற்றுகளுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் உள்ள துவாரங்களுக்குள் இறங்கும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக, பின் சில்லுக்குச் சற்று முன்னால் நிலத்தில் ஊற்றும். அந்தத் துவாரத்துக்குள் இலையும் மண்ணும் அடைந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் சில் என்கிற அந்தப் பெட்டிக்குள் தேங்கும். கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை ஓடும் தகரப் பெட்டியைத்தான் ஆங்கிலத்தில் சில் என்கிறார்கள். எங்களுக்குச் சில்லு என்றால் வேறு, குழம்பிவிடாதீர்கள். அதன் பின்நுனி, அதாவது பின் சில்லுக்கு முன்னால் உள்ள ஒரு சாண் இடம், உள்ளிருந்து உக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிப்பதைக் காணும்போது உள்ளே தகரம் போய்விட்டிருக்கும்.

பரிசோதகருக்கு இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், சஸ்பென்சன், ஸ்ரியரிங், பிரேக், சீற் பெல்ற் பிடித்திருக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் தகரம் பலமிழந்திருந்தால் அது பெரிய குறை. சில் பெட்டியின் பின்நுனி அந்த எல்லைக்குள் வந்துவிடும். மற்றபடி கதவின் கீழோரத்திலோ முன் மட்காட்டின் வெளி விளிம்பிலோ உள்ள கறளுக்கு, கூர்முனை நீட்டிக்கொண்டிராதவரை, யாரும் காரை விழுத்தமாட்டார்கள். பார்க்க அசிங்கமான கறளும் விழுத்துகிற கறளும் வேறுவேறு.

2018இல் பரிசோதகர் என்னைக் கூப்பிட்டுக் காரின் கீழே நிறுத்தினார். ஒரு சின்னச் சுத்தியல் மாதிரியான கருவியால் கறுப்பு அன்டர்சீலின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனார். டங், டங், டங், பிறகு "பொத்". அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பெருவிரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. மறுபக்கமும் அப்படியே.

ஒட்டுவதற்கு என்னிடம் வாங்கியது இரண்டு பக்கமும் சேர்த்து 640 பவுண்ட்ஸ். அதற்கு முன்னால் ஒரு கராச்சில் 200க்குச் செய்து தருவதாகச் சொன்னார்கள். எப்படி என்று கேட்டேன். உக்கிய தகரத்துக்கு மேலேயே ஒரு தட்டை வைத்து ஒட்டுவார்களாம். அப்படிச் செய்தால் உள்ளே உள்ள கறள் புதுத் தகரத்தையும் இரண்டு வருடத்தில் தின்றுவிடும். ஒட்டுவிக்கப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள்: நல்ல தகரம் வரும்வரை வெட்டுவீர்களா? உள் தகரத்தையும் கட்டுவீர்களா? சுற்றிவர இடைவெளி இல்லாமல் ஒட்டுவீர்களா? இந்தப் பகுதிகளில் ஒட்டுப்போட்ட தகரத்தைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து விட்டாலோ, பிசினும் ஃபைபரும் வைத்துப் பூசினாலோ எம்ஓரியில் எடுபடாது. வெட்டிய நிலையில் ஒரு படம், ஒட்டிய பிறகு ஒரு படம், பெயின்ற் அடிக்க முன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் தரத் தயங்குகிறவரிடம் காரை விடாதீர்கள்.

துவாரத்தைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கூரையைப் பாதி தூக்குங்கள். சீற் பெல்ற் தூணுக்குப் பின்னால், கூரைத் துணியின் அடியில் ரோர்ச் அடித்தால் மூலையில் துவாரம் தெரியும். ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சில்லுக்கு முன்னால் நிலத்தில் தாராளமாகக் கொட்டவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமல் விட்டாலோ அடைப்பு. புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலோன் நூலை உள்ளே விட்டு மெதுவாக ஆட்டி எடுங்கள். உடுப்புக் கொழுவும் கம்பியை விடவேண்டாம், குழாயில் ஓட்டை விழும். காற்று அடிக்கவும் வேண்டாம், உள்ளே குழாய் பொருத்திலிருந்து கழன்றால் பிறகு தண்ணீர் முழுக்கச் சில் பெட்டிக்குள்தான். என் காரின் நியர்சைட் துவாரத்துக்குள் இருந்து ஒரு கைப்பிடி பைன் ஊசியிலை வந்தது. எங்கள் தெருவில் பைன் மரமே இல்லை.

ஒட்டின பிறகு சில் பெட்டியின் உள்ளே மெழுகு அடிக்கவேண்டும். நான் பாவிப்பது பில்ற் ஹம்பர் கொம்பனியின் டைனக்ஸ் எஸ்50. நீளமான குழாயோடு வரும், உள்ளே விட்டு அடித்தால் சுற்றிவரப் படியும். ஒக்ரோபரில், தெருவுக்கு உப்புப் போடத் தொடங்க முன் அடிப்பது நல்லது.

இனி நான் சொன்ன அந்த வித்தியாசம். இரண்டாம் தலைமுறைக் கார்களில் முன்பக்கம், எஞ்சினுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரண்டு சட்டத் தண்டவாளங்கள் இருக்கின்றன. மோதினால் மடிவதற்காக அந்த இடத்தில் தகரத்தை இரட்டையாக வைத்தார்கள். இரண்டு தகரத்துக்கும் இடையில் ஈரம் நின்று உள்ளிருந்து அரிக்கும். முதல் தலைமுறையில் இந்தத் தொல்லை இப்படி இல்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், அடியில் ஒரு பிளாஸ்ரிக் தட்டு அந்த இடத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும். எம்ஓரியில் பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார், பார்க்கவும் கூடாது. ஆகவே தண்டவாளத்தில் ஓட்டையோடு ஒரு கார் வருடக்கணக்காகச் சித்தியடைந்துகொண்டிருக்கலாம். யாராவது எண்ணெய் மாற்றும்போது தட்டைக் கழற்றிவிட்டுப் பூட்டாமல் விட்ட வருடம் பார்த்து விழும்.

வாங்கப் போகிறவர்கள் அந்தத் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் முகம் மாறுவதிலேயே பாதி விடை கிடைக்கும்.

கான்ட்பிரேக்

2017, என் முதல் எம்ஓரி. கான்ட்பிரேக் பலம் 11 வீதம். தேவை 16. விழுந்தது.

இந்த வீதம் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. சில்லுகளை உருளைகளின் மேல் நிறுத்தி, உருளையைச் சுற்றவிட்டு, பிரேக் எவ்வளவு விசையோடு தடுக்கிறது என்று அளப்பார்கள். எல்லாச் சில்லுகளின் விசையையும் கூட்டிக் காரின் நிறையால் பிரித்தால் வருவதுதான் வீதம். ஆயிரத்து நூறு கிலோ காருக்கு 16 வீதம் என்றால் ஏறக்குறைய 176 கிலோ விசை வேண்டும். என் கார் ஒரு பக்கம் 70, மறுபக்கம் 50, ஆக 120தான் பிடித்தது. கால் பிரேக்குக்கு, 2010 செப்ரெம்பருக்கு முந்திய கார்களில், 50 வீதம் வேண்டும். அதில் எம்எக்ஸ்-5 விழுவது குறைவு. அங்கே பார்க்கவேண்டியது சமநிலை. ஒரே அச்சில் ஒரு சில்லு மற்றதன் விசையில் 70 வீதத்துக்குக் குறைவாகப் பிடித்தால் பெரிய குறை. ஸ்ரியரிங் உள்ள முன் அச்சில் பாதியைவிடக் குறைந்தால் அது ஆபத்தானது என்ற பகுதிக்குள் போய்விடும்.

விழுந்த அன்று நான் செய்தது எல்லோரும் செய்கிற பிழை. கான்ட்பிரேக் லீவரில் உள்ள கேபிளை இறுக்கினேன். லீவர் இரண்டு "கிளிக்"கில் நின்றது, பிடி என்னவோ அப்படியேதான். பக்கத்துத் தெருவில் கராச் வேலை செய்யும் அண்ணை ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கயிறை இழுத்து என்ன பிரயோசனம், மாடு அங்கயெல்லோ நிக்குது" என்று பின் சில்லைக் காட்டினார்.

இந்தக் காரில் பின் கலிப்பருக்குள்ளேயே, அதாவது பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதிக்குள்ளேயே, கான்ட்பிரேக் பொறி இருக்கிறது. பிரேக் பட் தேயத் தேய அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். முறை இதுதான். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம். கியர் நியூற்றலில், கான்ட்பிரேக் முழுக்கக் கீழே. பின் சில்லைக் கழற்றினால் கலிப்பரின் உள்பக்கத்தில் 14 மில்லிமீற்றர் தலையுள்ள ஒரு போல்ற் இருக்கும். அது மூடி மட்டுந்தான். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் சாவி போகும் ஓர் ஆணி. அதை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனால் டிஸ்க் சுற்றாமல் இறுகி நிற்கும். அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். டிஸ்க் கையால் சுற்றவேண்டும், இலேசாக உரசினால் பரவாயில்லை. மூடியைப் பூட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. அதற்குப் பிறகுதான் லீவர். ஐந்திலிருந்து ஏழு கிளிக்குக்குள் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் அப்போது கேபிளைத் தொடுங்கள்.

இருபது நிமிடம், காசு ஒன்றும் இல்லை. மறுநாள் உருளையில் 24 வீதம் காட்டியது.

ஆணி திரும்பவே இல்லை என்றாலும், திருப்பியும் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றாலும், கலிப்பர் வழுகுகின்ற ஊசிகள் இறுகியிருக்கும். குறைய ஓடுகிற கார்களுக்கு இது சாதாரணம். கழற்றி, சுத்தமாக்கி, பிரேக்குக்கென்று உள்ள கிறீஸ் பூசவேண்டும். சாதாரணக் கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும். குளிர்காலத்தில் காரை மூடிவைக்கிறவர்கள் கான்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தில் பட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும்.

புகை

2021. ஊரடங்கில் கார் அதிகம் ஓடவில்லை. எம்ஓரி நிலையம் வீட்டிலிருந்து ஒரு மைல். போய், வரிசையில் எஞ்சினை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். முடிவு: எரியாத ஹைட்ரோகாபன் 230, எல்லை 200. லம்டா 1.05, எல்லை 0.97 முதல் 1.03 வரை.

லம்டா என்பது காற்றும் பெற்றோலும் சேரும் அளவு. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்றால் அது 1. கூடினால் காற்று அதிகம். எஞ்சின் நன்றாக ஓடியும் லம்டா கூடுதலாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஞ்சினை அல்ல, புகைக்குழாயை. எங்கேயோ ஒரு பொருத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, கையுறை போட்டு, சைலன்சர் வாயைத் துணியால் சில விநாடிகள் அடைத்துப் பிடித்தால் ஓட்டையிலிருந்து "புஸ்" என்று கேட்கும். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், மூடிய கராச்சுக்குள் அல்ல. எனக்கு, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ருக்கு முன்னால் பொருத்தை அடைக்கும் கஸ்கெற் போயிருந்தது. பன்னிரண்டு பவுண்ட்ஸ். கூடவே ஸ்பார்க் பிளக்கும் எஞ்சின் எண்ணெயும் மாற்றினேன்.

மற்றப் பாதி பிழை என்னுடையது. கேட்டலிஸ்ர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். இப்போது அரை மணித்தியாலம் முன்னதாகவே வெளிக்கிட்டு, ஏ3 வீதியில் மூன்றாம் நாலாம் கியரில் ஒரு ஓட்டம் ஓடி, நேராக நிலையத்துக்குள் கொண்டுபோய் விடுகிறேன். வரிசை இருந்தால் எஞ்சினை நிறுத்துவதில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் என் மாமாவின் ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சப் பெற்றோலை ஊற்றி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகைக்குள் இந்த மெஷினின் குழாயை வைத்திருந்தால் மெஷின்தான் விழுந்திருக்கும்.

ஒரு சலுகை உண்டு. எஞ்சின் எச்சரிக்கை லைற் எரிந்தால் விழுத்துவது, பெற்றோல் கார்களில், 2003 யூலை 1க்குப் பிறகு தெருவுக்கு வந்தவற்றைத்தான். 2002 காருக்கு அந்த லைற்றால் தோல்வி இல்லை. ஏபிஎஸ் லைற்றுக்கும் எயர்பாக் லைற்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அழகான மரப்பிடி ஸ்ரியரிங் வாங்கிப் பூட்டி, எயர்பாக்கைப் பரணில் போட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மற்றவை, விரைவாக

சஸ்பென்சன்: நான்கு சில்லுக்கும் இரட்டை விஷ்போன். ரப்பர் புஷ், போல் ஜொயின்ற், டிறொப் லிங்க் என்று தேயக்கூடியவை நிறைய. வேகத்தடையில் ஏறும்போது "டொக் டொக்" என்றால் பெரும்பாலும் டிறொப் லிங்க்தான், மலிவு, வீட்டிலேயே மாற்றலாம். போல் ஜொயின்றின் ரப்பர் உறை வெடித்திருந்தால் சிறு குறை. கிழிந்து ஊத்தை உள்ளே போகிற நிலை என்றால் பெரிய குறை. அதை அட்வைசரி கட்டத்திலேயே மாற்றுங்கள்.

ரயர்: நடு முக்கால் அகலத்தில், சுற்றிவர, 1.6 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும். 20 பென்ஸ் குற்றியைத் தவாளிப்புக்குள் வையுங்கள், அதன் வெளி விளிம்பு மறைந்தால் பயமில்லை. எம்எக்ஸ்-5இல் உள் ஓரம்தான் முதலில் தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. பின் ரயருக்குப் பின்னால் போனைப் பிடித்துப் படம் எடுத்துப் பாருங்கள். ரயரின் வயதுக்காகக் காரை விழுத்தமாட்டார்கள். ஆனால் இந்தக் கார்கள் வருடம் இரண்டாயிரம் மைல்தான் ஓடும், தவாளிப்பு நிறைய இருக்கும்போதே ரப்பர் கல்லாகிவிடும். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். சட்டம் விட்டாலும் நான் அந்த ரயரில் மழைக்குள் ஓடமாட்டேன்.

லைற்: முதல் நாள் இரவு சுவருக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இலக்கத் தகட்டு லைற்றும், டிக்கி மூடியில் உள்ள மூன்றாவது பிரேக் லைற்றும்தான் எல்லோருக்கும் மறந்துபோகும். யப்பானிலிருந்து இறக்கிய யூனோஸ் (முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு அங்கே அந்தப் பெயர்) என்றால் பின் மூடுபனி லைற் இருக்கிறதா என்று பாருங்கள். ஹலஜன் லைற்றுக்குள் எச்ஐடி குமிழ் போட்டிருந்தால் கழற்றிப் பழையதைப் போடுங்கள்.

கண்ணாடியில் ஸ்ரியரிங்குக்கு நேர் முன்னால், 290 மில்லிமீற்றர் அகலப் பட்டைக்குள், 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உடைவு இருக்கக்கூடாது. வைப்பர் துடைக்கவேண்டும், கழுவும் தண்ணீர் அடிக்கவேண்டும். வெறும் தண்ணீர் போதும். அது இல்லாமல் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஹோர்ன் அடித்துப் பாருங்கள். சீற் பெல்ற்றை முழுக்க இழுத்துப் பாருங்கள், கூரை திறந்த கார்களில் வெயில் பட்டு ஓரம் நைந்திருக்கும்.

எங்கே, எப்போது, விழுந்தால் என்ன

காருக்கு உச்சக் கட்டணம் 54.85 பவுண்ட்ஸ். பல கராச்சுகள் அதைவிடக் குறைவாகவே செய்கின்றன, திருத்த வேலையில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. நான் முழுக் கட்டணம் கொடுத்துக் கவுன்சில் வாகனங்களைப் பார்க்கும் நிலையத்துக்குப் போகிறேன். அப்படிப்பட்ட பல இடங்களில் பொதுமக்கள் காரையும் எடுப்பார்கள், திருத்தவேலை செய்வதில்லை. பிழை பிடித்து அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, கண்ணை மூடி விடவும் காரணமில்லை. 2019இல் ஒரு கராச்சில் என்னிடம் நான்கு ஷொக் அப்சோபரும் மாற்றவேண்டும் என்றார்கள். அதே வாரம் கவுன்சில் நிலையத்தில் அதே ஷொக் அப்சோபர்களோடு அட்வைசரிகூட இல்லாமல் சித்தி.

முடியும் திகதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே கொண்டுபோகலாம், அடுத்த வருடத் திகதி மாறாது. மே 15 முடிகிறதென்றால் ஏப்ரல் 16இலிருந்து. கடைசி நாள்வரை இழுத்தால் விழுந்தபிறகு திருத்த அவகாசம் இருக்காது. காரை அங்கேயே விட்டுத் திருத்தினால் பத்து வேலை நாட்களுக்குள் மறுசோதனைக்குக் காசில்லை. வெளியே கொண்டுபோய்த் திருத்தி அதே நாட்களுக்குள் திரும்பக் கொண்டுவந்தால் விழுந்த பகுதிகளை மட்டும் பார்த்து ஒரு பகுதிக் கட்டணம் எடுக்கலாம். சில சின்னக் குறைகளுக்கு, அடுத்த வேலை நாள் முடியமுன் அதே இடத்துக்கு வந்தால் அதுவும் இல்லை.

விழுந்த காரை ஓட்டி வீட்டுக்கு வரலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பழைய சான்றிதழ் இன்னும் முடியவில்லை, ஆபத்தானது என்று ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் வரலாம், கார் தெருவில் ஓடக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். ஆபத்தானது என்று ஒரு வரி இருந்தாலும் சாவியைத் தொடவேண்டாம். ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்ட்ஸ் வரை தண்டமும் லைசன்சில் மூன்று புள்ளியும். எம்ஓரி இல்லாமல் ஓட்டினால் 1,000 வரை. முன்பே பதிவு செய்த சோதனைக்கு நேராக ஓட்டிப் போவதற்கும், திருத்தும் இடத்துக்குப் போய்வருவதற்கும் மட்டும் விலக்கு.

நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றங்கள் செய்யாத காருக்கு எம்ஓரி தேவையில்லை. இந்த நாட்டில் 1990இல் விற்ற முதல் எம்எக்ஸ்-5கள் 2030இல் அந்த வயதை எட்டும். என்னுடையதற்கு 2042வரை பொறுக்கவேண்டும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த வருடக் காகிதத்தில் இரண்டு வரி. முன் நியர்சைட் கீழ் போல் ஜொயின்ற் உறை வெடிப்பு, சிறு குறை. பின் பிரேக் குழாயில் மேலோட்டமான கறள், அட்வைசரி. உறை ஏற்கெனவே வாங்கியாயிற்று. குழாய் பின் சப்ஃபிரேமுக்கு மேலால் போகிறது, கைக்கு எட்டாத இடம். ஒக்ரோபரில் மெழுகு அடிக்கத் தூக்கும்போது அண்ணையையும் கூப்பிட்டு அதைச் செப்பு கலந்த குழாயாக மாற்றிவிட யோசனை.